மலையில நெட் எடுக்கறதுக்கு முன்னாடி கேபிள் எந்த வழியா வருதுன்னு கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வீட்டுக்கு எந்த இன்டர்நெட் எடுக்கலாம்னு கம்பெனி வாரியா மாச வாடகை, ஸ்பீடு, கூட என்னென்ன ஓடிடி ஃப்ரீன்னு அரைப்பக்கத்துக்கு ஒரு டேபிள் போட்டிருந்தீங்க. கோயம்புத்தூர், திருப்பூர் ஆளுங்களுக்கு ரொம்ப உபயோகமா இருந்திருக்கும். அதே பேப்பர் காலையில மேட்டுப்பாளையம் தாண்டி எங்க ஊருக்கும் வருதுங்க, எங்க ஜனமும் அதைக் கத்தரிச்சு எடுத்துட்டு வந்து என் கடையில நின்னு "இதுல எது எடுக்கலாங்க அக்கா"ன்னு கேக்குது. நான் கோத்தகிரி பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், பட்டா சிட்டா எடுக்கறது, காலேஜ் அப்ளிகேஷன், ஸ்காலர்ஷிப், கரண்டு பில் எல்லாம் இங்கதான் ஓடுது, நெட்டு இல்லைன்னா எனக்குப் பொழப்பு இல்ல. சுத்துப்பட்டு ஹட்டிகள்ல, அதான் படுகர் ஊருங்கள்ல, யார் வீட்டுல எந்த கனெக்‌ஷன், எது மழையில நிக்குது, எது காத்தடிச்சாலே போயிடுதுன்னு என் காதுக்கு வராம இருக்காது. அந்த அனுபவத்துல சொல்றேன், தயவு பண்ணி இதை மலைப்பகுதி வாசகர்களுக்காகப் போடுங்க.

உங்க டேபிள்ல இருந்தது எதுவும் தப்பில்ல. ஆனா மலையில ஒரு வீட்டுல நெட் ஓடுமா ஓடாதான்னு முடிவு பண்றது மூணு விஷயம், மூணும் அதுல இல்ல. அந்தக் கம்பெனியோட கேபிள் எந்த ரோடு வழியா மலையேறி வருது, அறுந்தா யாரு வந்து ஜாயிண்ட் போடுவாங்க, கரண்டு போனா அவங்க பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும். அடுத்த தடவை போடறப்போ கம்பெனிகாரங்க கிட்ட இதையும் கேட்டுப் போடுங்க, பதில் சொல்லலைன்னா பதில் இல்லைன்னே போட்டுடுங்க.

முதல்ல வழி. கீழே இருந்து நீலகிரிக்குக் கேபிள் வர்றதுக்கு இருக்கற ரோடு ரொம்பக் கொஞ்சம். மேட்டுப்பாளையத்துல இருந்து பர்லியார் வழியா குன்னூருக்கு ஒண்ணு, கோத்தகிரிக்கு ஒண்ணு, அந்தப் பக்கம் கூடலூருக்கு மைசூர் ரோடும் நாடுகாணி வழியா கேரளா ரோடும். ஃபைபரை, அதாவது கண்ணாடி இழைக் கேபிளை, பெரும்பாலும் ரோட்டை ஒட்டித்தான் புதைப்பாங்க, இல்லைன்னா கம்பத்துக்குக் கம்பம் தொங்கவிடுவாங்க, அதனால ரோடு சரிஞ்சா கேபிளும் சேர்ந்துதான் போகும். 2009 நவம்பர் மழையை எங்க பக்கம் யாரும் மறக்கமாட்டாங்க, 40 பேருக்கு மேல மண்சரிவுல செத்துப்போனாங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி பெரிய மழையே வேணாம், ஒரு சாதாரண ஐப்பசி மழையில பர்லியார் ரோட்டுல மண்ணு விழுந்து ஒரு நைட்டு அடைச்சாலே போதும், அந்த ஒரே வழியை நம்பி இருக்கற கம்பெனின்னா மேல இருக்கற அத்தனை வீட்டுலயும் மோடத்துல சிவப்பு லைட்டோ, பச்சை லைட் எரிஞ்சும் நெட் வராம இருக்கறதோ, ரெண்டுல ஒண்ணு நடக்கும்.

ரெண்டு வழியில கேபிள் வச்சிருக்கற கம்பெனின்னா அப்படி ஆகாது. ஒரு பக்கம் அறுந்தா இன்னொரு பக்கமா தானா மாத்திக்கும், ரிங்னு சொல்வாங்க, வீட்டுல இருக்கறவங்களுக்குக் கொஞ்சம் ஸ்லோவானது மட்டும்தான் தெரியும். இதை எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேப்பீங்க. சேல்ஸுக்கு வர்ற பையன் கிட்ட கேட்டா பாவம் அவனுக்குத் தெரியாது, அவனுக்குச் சொல்லிக் குடுத்தது பிளான் ரேட்டு மட்டும்தான். அதனால பக்கத்து வீட்டுல கேளுங்க. "நெட் நல்லா இருக்கா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வாங்க, வெயில் காலத்துல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். "போன தீபாவளி மழையில ரோடு அடைச்சப்போ உங்க வீட்டுல நெட் இருந்துச்சா, போச்சுன்னா எப்போ வந்துச்சு"ன்னு கேளுங்க. அதுவும் உங்க லைன்லயே, உங்க கம்பத்துல இருந்தே வயர் எடுத்திருக்கற வீட்டுல கேளுங்க. கோத்தகிரி டவுன்ல சூப்பரா ஓடற கனெக்‌ஷன் அரவேனு தாண்டினா வேற கதையா இருக்கும், கட்டபெட்டுல நல்லா இருக்கறது ஒரு மேடு ஏறி இறங்கினா அந்த ஊருக்கு வந்தே இருக்காது.

வீட்டுல இருந்து ஐடி வேலை பார்க்கற பிள்ளைங்க இப்போ எங்க ஹட்டிகள்ல நிறைய பேரு. பெங்களூர், சென்னையில வாடகை குடுக்க வேணாம்னு அப்பா அம்மாவோட இருந்துக்கறாங்க, பார்க்கறதுக்கே சந்தோசமா இருக்கு. அவங்க சேஃப்டிக்குன்னு ரெண்டு கம்பெனி எடுத்து வைக்கறாங்க. ரெண்டும் ஒரே கம்பத்துல ஒரே பக்கமா வந்தா மரம் விழறப்போ ரெண்டும் சேர்ந்தேதான் போகும். ஒண்ணு ஃபைபர் எடுத்தா இன்னொண்ணு மொபைல் நெட்டா, அதுவும் வேற டவரைப் பார்க்கறதா வச்சுக்கங்க. ஒரே நேரத்துல ரெண்டு கம்பெனியும் அவுட் ஆச்சுன்னா ரெண்டும் கீழே ஒரே கேபிள்ல வாடகைக்கு ஓடுதோன்னு சந்தேகப்படலாம், அப்படி ஒருத்தர் கேபிளை இன்னொருத்தர் எடுத்து ஓட்டறது சகஜம்.

இது ஏதோ சினிமா பார்க்க முடியலையேங்கற கஷ்டம் இல்லைங்க. ஒரு ஜூலை மாசம், இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஆன்லைன்ல நடக்குது, காலேஜ் சாய்ஸ் போடறதுக்குக் கடைசி நாள். காத்துல சில்வர் ஓக் மரம் சாஞ்சு எங்க பக்கம் முழுக்க லைன் அவுட். ஒரு பொண்ணு, அப்பா பச்சைத் தேயிலை பறிச்சு ஃபேக்டரிக்கு ஊத்தற சின்ன விவசாயி, அந்தப் பிள்ளை பிரிண்ட் எடுத்த லிஸ்ட்டை பாலிதீன் கவர்ல போட்டு நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு மழையில என் கடைக்கு வந்து நின்னுச்சு. என் கடையிலயும் அதே கேபிள், அதே சிவப்பு லைட். கடைசியில இலை ஏத்தற பிக்கப்புலயே அவங்க அப்பா கூட்டிட்டு மேடு மேடா போயி, எங்கயோ ஒரு திருப்பத்துல ரெண்டு கட்டை சிக்னல் கிடைச்சு, வண்டிக்குள்ளயே போனை வச்சு சாய்ஸ் போட்டு லாக் பண்ணிட்டு வந்தாங்க. போட்டாச்சுங்கறதனால சந்தோசம். ஆனா மார்க்கு எடுத்த பிள்ளைக்கு இந்தப் பதட்டம் எதுக்குங்க?

ரெண்டாவது, யாரு வந்து சரி பண்ணுவாங்க. பேப்பர்ல பெரிய கம்பெனி பேர் இருக்கும், ஆனா உங்க வீட்டுக்கு வயர் இழுக்கறது பல ஊர்ல லோக்கல் பார்ட்னர்தான். பிஎஸ்என்எல் ஃபைபரும் நிறைய இடத்துல அப்படித்தான், அந்தந்த ஊர் கேபிள் டிவிக்காரங்களே எடுத்து நடத்துவாங்க. அது தப்பில்ல, என்னைக் கேட்டா அதுதான் மலைக்கு நல்லதுன்னு சொல்வேன், ஏன்னா அவரு வீடு நம்ம ஊர்ல இருக்கு, காலையில டீக்கடையில முகத்தைப் பார்க்கணும். கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணா டிக்கெட் போட்டாச்சு 48 மணி நேரம்னு ஒரு குரல் சொல்லும், அந்தக் குரலுக்குக் கொடநாடு எங்க இருக்கு, குஞ்சப்பனை எங்க இருக்குன்னு தெரியாது. லைன்மேனுக்குத் தெரியும். எந்த வளைவுல எந்தக் கம்பம் சாஞ்சிருக்கு, எந்த மரத்துக்குக் கீழ ஜாயிண்ட் பெட்டி இருக்குன்னு இருட்டுலயும் சொல்லுவாரு.

அந்த வேலையை எத்தனை பேரு பக்கத்துல நின்னு பார்த்திருக்கீங்கன்னு தெரியல. எங்க லைன் அறுந்தப்போ வந்த பையன், இலை மூட்டை கட்டற சாக்கை விரிச்சு தேயிலைச் செடிக்கு நடுவுல உக்காந்தான், இன்னொருத்தன் குடை பிடிச்சான், மேல மஞ்சு வந்து வந்து போகுது. கருப்பு வயரை உரிச்சா உள்ள ஒரு கண்ணாடி இழை, 125 மைக்ரான், நம்ம தலைமுடி கனம்தான் இருக்கும். அதை ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால துடைச்சு, ஒரு சின்னக் கருவியில நேரா வெட்டி, ரெண்டு முனையையும் மிஷின்ல வச்சா ஸ்கிரீன்ல பெருசா தெரியும், ஒரு பொறி அடிச்சு ஒட்டிக்கும், மேல ஒரு ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுவான். முனையில ஈரமோ தூசியோ பட்டா ஜாயிண்ட் நிக்காது, திரும்ப வெட்டி திரும்ப வைக்கணும். கை விரல் குளிர்ல வெறைச்சுப் போயிருக்கு, அப்பவும் அவசரப்படல. அந்த மிஷின் விலை அதிகம், எல்லா ஆபரேட்டர் கிட்டயும் இருக்காது, வேற டவுன்ல இருந்து வரணும்னா அன்னைக்கு ரோடு இருக்கணும். அதனால கனெக்‌ஷன் எடுக்கறதுக்கு முன்னாடி நேராவே கேளுங்க, "ஜாயிண்ட் மிஷின் இந்த ஊர்லயே இருக்குதுங்களா, ஞாயித்துக்கிழமை யாரு வருவாங்க"ன்னு. இந்தக் கேள்விக்குத் தயங்காம பதில் சொல்ற ஆபரேட்டர் மாசம் நூறு ரூவா கூடக் கேட்டாலும் நான் அவரு பக்கம்தான்.

வயர் இழுக்கற அன்னைக்கு வீட்டுல யாராவது கூடவே நில்லுங்க. டிராப் வயரை, அதான் கம்பத்துல இருந்து வீட்டுக்கு வர்ற வயரை, துணி காயப்போடற கொடி மாதிரி விறைப்பா இழுத்துக் கட்டிட்டுப் போயிடுவாங்க, முதல் கொப்பு விழுந்ததும் அறுந்துடும். கொஞ்சம் தொய்வு விடச் சொல்லுங்க, வீட்டுச் சுவத்துல ரெண்டு மூணு சுத்து எக்ஸ்ட்ரா வச்சுட்டுப் போகச் சொல்லுங்க, பின்னாடி அறுந்தா இழுத்து ஜாயிண்ட் போட அது உதவும். ஃபைபரை மூலையில மடிச்சு ஆணி அடிக்கக்கூடாது, மடிஞ்சா வெளிச்சம் கசியும். குரங்கு வர்ற வீடுன்னா கூரை மேல படாம சுவத்தோரமா குழாய்க்குள்ள விட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. குரங்கு வயரைப் பிடிச்சுத் தொங்கறது, கடிச்சு இழுக்கறது எல்லாம் குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. தோட்டத்துக்குள்ள தாழ்வா தொங்கற வயருன்னா காட்டெருமை கொம்புல மாட்டி இழுத்துட்டுப் போயிடும்.

இன்னொண்ணு கண்டிப்பா செய்யுங்க. அவங்க கையில ஒரு பவர் மீட்டர் இருக்கும், உங்க வீட்டு வயர்ல எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு அது காட்டும், மைனஸ்ல நம்பர் வரும். மைனஸ் 15ல இருந்து மைனஸ் 25 வரைக்கும் இருந்தா நல்லது. மைனஸ் 27 கிட்ட போச்சுன்னா மோடம் தாங்கற எல்லைக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம், அன்னைக்கு நெட் ஓடும், ஆனா ஜாயிண்ட் பெட்டிக்குள்ள கொஞ்சம் தண்ணி போனாலும் சிவப்பு லைட்டுதான். 3 குறைஞ்சாலே வெளிச்சம் பாதியாயிடும், அதனால சின்ன வித்தியாசம்னு விட்டுடாதீங்க. அந்த நம்பரைப் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க. அடுத்த மழையில கம்ப்ளைண்ட் பண்றப்போ "முன்னாடி மைனஸ் 20 இருந்துச்சு, இப்போ எவ்வளவு இருக்கு பாருங்க"ன்னு கேட்டா பேச்சே வேற மாதிரி இருக்கும், மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போனை வைக்கமாட்டாங்க.

ஸ்பீடைப் பத்தி ரொம்பச் சொல்ல வேணாம். 4கே படத்துக்கு நெட்ஃப்ளிக்ஸே கேக்கறது 15 எம்பிபிஎஸ்தான். புள்ளைங்க ஆன்லைன் கிளாஸ், வீட்டுல ஒருத்தர் மீட்டிங், ஹால்ல டிவி எல்லாம் சேர்ந்தாலும் 40, 50க்குள்ள அடங்கிடும். 300 எடுங்க 500 எடுங்கன்னு சொல்றவங்க பேச்சுக்குத் தலையாட்டாதீங்க. ஃபைபர்ல ஒரு லைனை ஸ்ப்ளிட்டர் வச்சு 32 வீடு, 64 வீடுன்னு பிரிப்பாங்க, அந்த எல்லாருக்கும் சேர்த்துத்தான் இரண்டரை ஜிபிபிஎஸ், அதனால ராத்திரி எட்டு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் எவ்வளவு வருதுன்னு பக்கத்து வீட்டுப் போன்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பகல்ல பார்க்கறது கணக்கே இல்ல. டவுன்லோடு மட்டும் பார்க்காம அப்லோடும் பாருங்க. குன்னூர் பக்கம் பழைய கல்லுச்சுவர் பங்களாக்கள்ல இருக்கறவங்க நெட் ஸ்லோன்னு கம்பெனியைத் திட்டறாங்க, பாதி நேரம் அது நெட் இல்ல, சுவரு. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அந்தக் கனமான கல்லைத் தாண்டாது, 2.4ல போட்டா ஓரளவு தாண்டும், இல்லைன்னா உள்ரூமுக்கு ஒரு கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைக்கணும்.

கரண்டு விஷயம் மூணாவது. மழையில முதல்ல போறது கரண்டுதான். நம்ம மோடத்துக்கு 12 வோல்ட் போதும், சின்ன மினி யூபிஎஸ் கடையில கிடைக்குது, அது போட்டுட்டா சில மணி நேரம் ஓடும். ஆனா நம்ம வீட்டுல மட்டும் லைட் எரிஞ்சு என்ன பிரயோஜனம், ஆபரேட்டர் ரூம்ல இருக்கற பெரிய பெட்டி நின்னு போச்சுன்னா ஊருக்கே நெட் இல்ல. ஃபைபர் நல்லதுன்னு சொல்றதுக்கு ஒரு காரணமே நடுவுல கரண்டு வேணாம்கறதுதான், அந்தப் பெட்டியில இருந்து நம்ம வீடு வரைக்கும் போறது வெறும் வெளிச்சம், வழியில இருக்கற ஸ்ப்ளிட்டருக்கும் கரண்டு வேணாம். அதனால ரெண்டு முனையில மட்டும் பேட்டரி இருந்தா போதும். அந்த முனையில இருக்கறவரு கிட்ட "எத்தனை பேட்டரி போட்டிருக்கீங்க, ஜெனரேட்டர் இருக்கா"ன்னு கேக்கறது நம்ம உரிமை. பழைய செம்புக் கம்பி லைன்ல இடி இடிச்சா மோடம் கருகும், கண்ணாடியில அந்தப் பயம் குறைவு, ஆனா சில டிராப் வயர்ல தாங்கறதுக்கு இரும்புக் கம்பி ஒண்ணு கூடவே வரும், அதை வீட்டுக்குள்ள கொண்டு வராம வெளியிலயே நறுக்கி விடச் சொல்லுங்க.

ஏர்ஃபைபரைப் பத்தியும் நிறைய பேரு கேக்கறாங்க. 2023ல ஏர்டெல்லும் ஜியோவும் ஆரம்பிச்சாங்க, டவர்ல இருந்து 5ஜி சிக்னலை வீட்டு மேல ஒரு பெட்டி வச்சு எடுக்கறது, கேபிளே வேணாம். ஃபைபர் வராத எஸ்டேட் லைன் வீடுகளுக்கு, தனியா தோட்டத்துக்குள்ள இருக்கற வீட்டுக்கு இது பெரிய வரம், நான் வேணாம்னு சொல்லமாட்டேன். ஆனா மலையில டவரு கண்ணுக்கு எட்டற தூரத்துல இருந்தாலும் நடுவுல ஒரு மேடு மறைச்சா ஒண்ணும் வராது, அடுத்த வீட்டுக்கு வர்றது நம்ம வீட்டுக்கு வராது. பெட்டி வைக்கப் போற அதே இடத்துல, அதே உயரத்துல, 5ஜி போனை வச்சு ராத்திரியிலயும் பாருங்க. அப்புறம் சீசன். மே மாசம் மலர் கண்காட்சிக்கு வர்ற கூட்டத்தோட போன் எல்லாம் அதே டவரைத்தான் பிடிக்கும். ஊட்டி, குன்னூர் டவுன்ல இருக்கறவங்க முடிஞ்சா ஒரு சீசன் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டெஸ்ட் பண்ணிட்டு முடிவு பண்ணுங்க. டவருக்கும் பேட்டரி கொஞ்ச நேரம்தான், நீண்ட கரண்டு கட்டுல டீசல் ஊத்தணும், ரோடு அடைச்சா டீசல் வண்டி வராது.

காசு விஷயத்துல ஒண்ணு ரொம்ப அழுத்தமா சொல்றேன். ஒரு மழைக்காலம் பார்க்காம வருசப் பணம் கட்டாதீங்க. வருசத்துக்குக் கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீ, இன்ஸ்டலேஷன் ஃப்ரீன்னு சொல்வாங்க, அதுலதான் எல்லாரும் விழறாங்க. எங்க பக்கம் ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க, வெளிநாட்டுல இருக்கற பேத்தி கூட வீடியோ கால் பேசணும்னு மொத்தமா கட்டிட்டாங்க, கார்த்திகை மழையில போன லைன் பொங்கல் வரைக்கும் வரல, கம்பெனி போனை எடுக்குது, டிக்கெட் நம்பர் குடுக்குது, மெசேஜ்ல "உங்க புகார் தீர்க்கப்பட்டது"ன்னு வருது, மோடத்துல சிவப்பு லைட் அப்படியே இருக்கு. பணத்தைத் திருப்பிக் கேட்டா பிளான்ல அப்படி ரூல் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அந்த அம்மா வேற கனெக்‌ஷனுக்கு மறுபடி பணம் கட்டினாங்க, பென்ஷன் காசு. கோத்தகிரி, குன்னூர் பக்கம்னா அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், கூடலூர் பந்தலூர் பக்கம்னா ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், அந்த மாசங்களை மாசா மாசம் கட்டி ஓட்டிப் பாருங்க. தாங்குச்சுன்னா அப்புறம் வருசத்துக்குக் கட்டுங்க. விளம்பரத்துல போடற ரேட்டுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வருமான்னும், மோடம் நம்மதா அவங்களதா, நிறுத்தினா டெபாசிட் வருமான்னும் எழுத்துல வாங்கிக்கங்க.

மெசேஜ்ல புகார் முடிஞ்சதுன்னு வந்தா அதோட விட்டுடாதீங்க, இது நிறைய பேருக்குத் தெரியல. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012ல போட்ட விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் நம்பர், அதான் புகார் நம்பர், குடுக்கணும், சரி பண்ணலைன்னா 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட அப்பீல் அதிகாரி கிட்ட போகலாம், அதுக்குக் காசு கிடையாது, 39 நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லணும். தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, தமிழ்லயே பேசலாம். டெலிகாம் கம்பெனி மேல நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, போகலாம்னு 2022 பிப்ரவரியில சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லியாச்சு, அதுக்காகக் கீழே இறங்கி கோயம்புத்தூர் போக வேணாம், ஊட்டியிலயே நுகர்வோர் ஆணையம் இருக்கு. நாலு வீட்டுக்காரங்க சேர்ந்து ஒரே நாள்ல புகார் போட்டு நாலு டாக்கெட் நம்பரையும் ஒரே பேப்பர்ல எழுதிக் குடுங்க, என் கடைக்கு வந்தா அப்பீல் டைப் பண்ணித் தர்றதுக்கு நான் காசு வாங்கறதில்ல.

கவர்மென்ட் பக்கமும் கேக்க வேண்டியது இருக்குங்க. தமிழ்நாட்டுல 12,525 கிராமப் பஞ்சாயத்துக்கும் ஃபைபர் கொண்டு போறதுதான் மாநில அரசோட டான்ஃபிநெட் நிறுவனம் மூலமா நடக்கற பாரத்நெட் திட்டம், அதுல எங்க மாவட்டத்தோட 35 பஞ்சாயத்தும் சேர்த்தி. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரோட அந்த ஃபைபர் நின்னுடக்கூடாது, கம்பெனிங்க வர்றதுக்கு லாபம் இல்லைன்னு ஒதுக்கற ஆதிவாசி ஊர்களுக்கும், அரசு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயோட லைன் வீடுகளுக்கும் அங்கிருந்துதான் போகணும். ரேஷன் கடை மிஷின்ல கைரேகை வைக்கறதுல இருந்து ஸ்கூல் பிள்ளைங்க பாடம் வரைக்கும் இப்போ எல்லாத்துக்கும் நெட்டுதான்னு ஆக்கினது கவர்மென்ட்டுதானே, அப்போ லைன் குடுக்கற பொறுப்பும் அவங்களுக்கு உண்டு.

அப்புறம் ஜேசிபி. மழை அறுக்கறதைவிட வெயில் காலத்துல ரோடு அகலப்படுத்தறப்போவும் குடிதண்ணி பைப் போடறப்போவும் தோண்டி அறுக்கறது எங்களுக்கு இன்னும் எரிச்சல், ஏன்னா அது தடுக்கக்கூடியது. தோண்டறதுக்கு முன்னாடி அந்த இடத்துல யாரோட கேபிள் இருக்குன்னு கேட்டுச் சொல்றதுக்காகவே மத்திய அரசு 2023 மார்ச்ல ஒரு ஆப் விட்டிருக்கு, கால் பிஃபோர் யூ டிக்னு பேரு. எங்க மாவட்டத்துல டெண்டர் எடுக்கற ஒவ்வொரு கான்ட்ராக்டரும் அதுல பதிவு பண்ணின பிறகுதான் பக்கெட்டை மண்ணுல வைக்கணும்னு ஹைவேஸும் பஞ்சாயத்துகளும் ஆர்டர் போடட்டும். மழைக்கு முன்னாடி கலெக்டர் ஆபீஸ்ல ஃபயர் சர்வீஸ், ஹைவேஸ், மின்வாரியம் எல்லாரையும் உக்கார வச்சு முன்னெச்சரிக்கைக் கூட்டம் நடத்துவாங்க இல்லீங்களா, அதுல கேபிள் ஆபரேட்டர்களையும் கம்பெனி ஆட்களையும் கூப்பிடச் சொல்லுங்க, அவங்க போன் நம்பரைத் தாலுகா வாரியா உங்க பேப்பர்ல போடுங்க. ரோடு சரிஞ்சு மண்ணு அள்ளி முடிச்சதும் ஆம்புலன்ஸ், பால் வண்டி, கரண்டு ஆளுங்களுக்கு அடுத்தபடியா ஜாயிண்ட் மிஷின் வச்சிருக்கற பையனோட வண்டியையும் செக்போஸ்ட்ல நிறுத்தாம மேல விடணும்னு போலீஸ் கிட்ட எழுத்துல குடுத்து வைக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
கோத்தகிரியில இருந்து ஒரு வாசகி